பேத்திக்கு இன்னொரு கரண்டி

என் மகளின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தபோது, எங்கள் குடும்பமே கூடி அதைத் தேய்த்தது. நான் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன். என் கணவர் எலுமிச்சை மூடியால் தேய்த்தார். மாமனார் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து காய்ந்த பீர்க்கங்காய் நாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "இதுல தேச்சா எரும மாடே வெள்ளையாயிடும்" என்றார். ஒன்பது வயதுப் பெண் குளியலறையில் நின்று எரிகிறது என்று கத்த, ஒழுங்காகக் குளித்தால் இந்த அழுக்கு ஏன் சேரப்போகிறது என்று வெளியிலிருந்து ஆளுக்கொரு திட்டு. கழுத்து சிவந்ததே தவிர வெளுக்கவில்லை.

விஷயம் உடைந்தது ஒரு காய்ச்சலில். தருமபுரியில் நாங்கள் காட்டும் குழந்தைகள் டாக்டரம்மா, காய்ச்சலைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தார். பிறகு எடை மெஷினில் ஏற்றினார். பிறகு ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, அது அழுக்கு இல்லை, தின்கிற சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் உடம்பு திணறுவதற்கு அடையாளம் என்று சொன்னார். அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். "மூணு மாசம் பாக்கலாம். இனிப்பு வேண்டாம், சாப்பாட்டைக் குறைங்க, நல்லா ஓடி விளையாட விடுங்க. அப்பவும் இறங்கலைன்னா மாத்திரைதான்" என்றார். என் மகள் அவருடைய மேஜை மேலிருந்த பொம்மை யானையின் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வேலை செய்வது நல்லம்பள்ளியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற கை இது. எந்த மாத்திரை எந்த மாத்திரைக்கு வழிவிடும், அது எப்போது ஊசியில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை வாங்கிக் கையோடு பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன் வாங்குகிறவர்களையும் தெரியும். "மாத்திரதான் போட்டுக்கறனே" என்பார்கள். மாத்திரை என்பது பன்னுக்கு எடுக்கிற டிக்கெட் என்று நினைப்பு.

சர்க்கரை என்ன செய்யும் என்று எங்கள் வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. என் மாமியாருக்குக் காலில் வந்த புண் ஆறாமல் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், கடைசியில் ஆளே போய்விட்டார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் வந்தவர்கள் இலையிலெல்லாம் லட்டும் பாயசமும் வைத்தோம். "பாவம், மகராசிய சக்கரதான் கொண்டுபோயிட்டுது" என்று சொல்லிச் சொல்லி, எல்லோரும் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நானும் குடித்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னதை மாமனாரிடம் சொன்ன அன்று, மனிதர் பதறித்தான் போனார். பேத்தி என்றால் அவருக்கு உயிர். மாமியார் போன பிறகு அந்த வீட்டின் சமையல்கட்டு அவர் ஆட்சி. ஆள் வைத்துச் சமைத்தாலும் பரிமாறுவது அவர்தான். மறு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வீட்டில் ஒரு பொட்டுச் சீனி இல்லை. எல்லாவற்றையும் தூக்கி எறும்புப் புற்றில் கொட்டிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய எண்ணெயில் பொரித்த இனிப்புக் கச்சாயம் கொண்டுவந்தார்.

"மாமா, என்னங்க இது?"

"வெல்லம்மா! நம்ம கரும்பு, நம்ம கொப்பரையில காச்சினது. ஒரு சொட்டு மருந்து கெடையாது. சீனிதான் வெசம். இது எவ்ளோ துன்னாலும் ஒண்ணும் பண்ணாது."

வெல்லம் காய்ச்சுகிற ஊரில் வெல்லத்தைக் குறை சொல்வது பெற்ற பிள்ளையைக் குறை சொல்வது மாதிரி. நான் மெதுவாக, உடம்புக்குள் போனால் இரண்டும் ஒன்றுதான் மாமா என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மாத்திரைக் கடையில் நின்று நின்று பெண்ணுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

அதோடு விட்டதா? என் கொழுந்தனார் சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். விஷயம் கேள்விப்பட்டு அவர் மலையிலிருந்து தினையும் சாமையும் ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்து இறக்கினார். மலைக்காரர்களுக்குச் சர்க்கரை வியாதியே வராதாம், அதற்குத் தினைதான் காரணமாம். அந்த மலைக்காரர்கள் நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிக் காட்டு வேலை செய்வதை அவர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கக்கூடும்; அதை மட்டும் கொண்டுவரவில்லை. தினைமாவில் தேனையும் வெல்லத்தையும் நெய்யையும் பிசைந்து உருண்டை பிடித்தார்கள். "சிறுதானியம்மா இது" என்று ஒன்று கொடுத்தார்கள், "இயற்கை" என்று இன்னொன்று கொடுத்தார்கள், "நம்ம பாரம்பரியம்" என்று மூன்றாவதும் உள்ளே போனது. டாக்டரிடம் போவதற்கு முன்பு என் மகள் இவ்வளவு இனிப்பு சாப்பிட்டதே இல்லை. வைத்தியம் ஆரம்பித்த முதல் மாதத்தில் அவள் யூனிஃபார்ம் கொக்கி மாட்ட முடியவில்லை.

இனிப்பாவது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. சோறு இருக்கிறதே, அதை என்ன செய்வது? மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோறோ களியோ குழம்போ, ஒரு முறை போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. ஒரு கையோடு நிறுத்துவது செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான். உயிரோடு இருக்கிறவர்கள் தட்டில் இரண்டாவது முறை கட்டாயம் விழ வேண்டும். வேண்டாம் என்று கையை மறித்தால், "ஒரு கை போட்டு அனுப்ப இதென்ன எழவு வூடா?" என்று முகம் மாறிவிடும். அதே வீட்டில் இன்னொரு சட்டம், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு ஒரே வழிதான்: தின்பது.

என் மகள் அந்த வழியில் நல்ல பேர் எடுத்திருந்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் கொறித்துவிட்டு ஓடும்போது, இவள் தட்டை வழித்து எழுந்திருப்பாள். "பாரு, எம் பேத்திதான் சாப்பாட்டுல எங்க வம்சத்து மானத்தக் காப்பாத்தறா" என்று மாமனார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். படிப்பில் வாங்கிய பாராட்டைவிட அவளுக்கு அந்தத் தட்டில் கிடைத்த பாராட்டுதான் அதிகம். அந்த மாதக் கடைசி ஞாயிறும் கறிச்சோறு இரண்டு முறை விழுந்து, மூன்றாவதாகக் குழம்புக்கென்று கொஞ்சம், தயிருக்கென்று கொஞ்சம் என்று போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன், கடைசியில் "போதும் மாமா" என்றே சொன்னேன். "கொழந்த துன்றத எண்ணாதம்மா, கண்ணு படும்" என்றார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தவள் வழியில் இறங்கி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிவிட்டு, வயிறு நிறைந்த பிறகும் ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"தாத்தா கரண்டியப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டே இருந்தாரும்மா. நான் வாணாம்னா அவரு எங்க போடுவாரு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் அல்ல. பேராசைக்காரி, தின்னிப்பண்டாரம் என்று பள்ளிக்கூட வேனில் பெயர் வாங்கிக்கொண்டு வருகிற என் குழந்தை, உண்மையில் பெரியவர்களின் மனம் நோகக் கூடாதென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் மரியாதை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதற்குத்தான் கழுத்தில் பட்டை.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். பிஸ்கட் கிடையாது, ஜூஸ் கிடையாது, தட்டில் அவள் கேட்கிற அளவுதான் விழும். பெரிய குழிக்கரண்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, ஊறுகாய்க்கு வைத்திருந்த சின்னக் கரண்டியைச் சோற்றுக்கு எடுத்தேன். இரண்டு முறை என்ன, நான்கு முறை போட்டாலும் குடிமுழுகாது. என் கணவர் அந்தக் கரண்டியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்து, "காது கொடையறதா இது?" என்றார். ஆனால் எதிர்க்கவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். அடுத்த வாரம் அவருடைய வண்டி டிக்கிக்குள் சாரை சாரையாக எறும்பு போவதைப் பார்த்த பிறகு ஆச்சரியம் தீர்ந்தது. உள்ளே ஜிலேபி, மிக்சர், க்ரீம் பிஸ்கட், எல்லாம் ஹெல்மெட்டுக்குள் பத்திரமாக. "பாவம், கொழந்த மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். குழந்தையைக் கேட்டால் அவளுக்கு அந்த டிக்கியைப் பற்றியே தெரியவில்லை.

விருந்தாளிகள் தனிக் கதை. குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நம் ஆட்கள் ஒருநாளும் மீறாத ஒரே ஒழுக்கம். போனில் முன்கூட்டியே கெஞ்சிப் பார்த்தேன்: இனிப்பு வேண்டாம், வேண்டுமானால் பழம் வாங்கி வாருங்கள் என்று. மாம்பழ சீசன். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பழத்தோடு பேச்சும் வந்தது. நான் குழந்தையைப் பட்டினி போடுகிறேன் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதற்குக் காலும் கையும் வைத்து, நான் சீரியல் நடிகை மாதிரி பெண்ணை இளைக்கவைக்கப் பார்க்கிறேன் என்று பாப்பிரெட்டிப்பட்டி வரை போய்ச் சேர்ந்தது. மாமனார் போனில் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இரண்டாவது மாதமும் முடிந்துகொண்டிருந்தது. மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரிப்போர்ட்தான் ஞாபகம் வரும்.

மாமனாருக்கும் சர்க்கரை உண்டு. மாதா மாதம் பஸ் ஏறி எங்கள் கடைக்கே வந்து மாத்திரை வாங்குவார். மருமகள் கையால் வாங்கினால்தான் வேலை செய்யுமாம். சண்டை இருந்தாலும் அதில் மாற்றமில்லை. அந்த முறை அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்த நேரம், பள்ளிக்கூட வேன் என் மகளையும் கடை வாசலில் இறக்கிவிட்டது. வழக்கம்போல அவர் கை சட்டைப் பைக்குள் போனது, சாக்லேட்டுக்குத்தான். ஆனால் அவள் கவனம் கவுன்ட்டர் மேல் நான் எடுத்து வைத்திருந்த மாத்திரை அட்டை மேல் இருந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா, இது கசக்குமா?"

"முழுங்கிட்டா ஒண்ணும் தெரியாது சாமி."

"டாக்டர் எனக்கும் குடுப்பாங்களாம். அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டுக்கலாம். ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு வந்ததும், நீங்களே உங்க கையால குடுங்க, சரியா?" அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஊருக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று திட்டம் போடுகிற அதே குரல். பிறகு ஞாபகம் வந்ததுபோலக் கேட்டாள்: "ஆயாவும் இதத்தான சாப்பிட்டாங்க?"

சட்டைப் பைக்குள் போன கை வெளியே வரவில்லை. அட்டையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வரம்மா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். ஸ்டூலுக்கு அடியில் குடையை மறந்துவிட்டார். எனக்கு மாமியாரின் கால் கண்முன்னால் வந்து நின்றது. அவருக்கும் வந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனது வேறு வீட்டுக்கு. கச்சாயத் தூக்கு இல்லை, தினை உருண்டை இல்லை, வெல்ல மூட்டையே கண்ணில் படாத இடத்துக்குப் போயிருந்தது. பேத்தியின் தட்டில் பாதிக் களி, கீரைக் கடைசல், அவ்வளவுதான், ஒரே முறை. பரிமாறியதும் சமையல்காரம்மா. மாமனார் பாதியில் நிற்கிற ஆள் இல்லை. திருத்துவது என்று இறங்கினால் எதிரே இருப்பவருக்கு மூச்சுத் திணறிவிடும். கொழுந்தனார் ஆசையாகக் கொண்டுவந்த பொரி உருண்டையைத் தெருவில் எறிந்தார். பக்கத்து வீட்டம்மா வெல்லப் பூரணம் வைத்த ஒப்பட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது, "கொழந்த இருக்கற வூட்டுக்கு இதையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று வாசலிலேயே மறித்தார். சாப்பிடும்போது மட்டும் அவர் பேத்தி பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்தார். டிவி ஓடவில்லை.

நான் குஷியில் இருந்தேன். சண்டையில் ஜெயித்துவிட்டேன் அல்லவா? என்னைப் பற்றிப் பேசின சொந்தக்காரர்களுக்கு எதிராக இப்போது மாமனாரே என் வக்கீல். வாரா வாரம் போனோம், வாரா வாரம் அதே கட்டுப்பாடு. மகள் களத்துமேட்டில் ஓடினாள், சைக்கிள் மிதித்தாள், ஒருநாள் கூட எதுவும் கேட்கவில்லை. யூனிஃபார்ம் கொக்கி மாட்ட வந்தது. அவள் பேச்சுக் குறைந்திருந்ததை நான் பார்த்தேன். பசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் கொடுக்கப் போன அன்று, மாமனாரும் பஸ் பிடித்துத் தருமபுரிக்கு வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, மாத்திரை வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார். எனக்கு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. வெளியே வந்து மாமனாரிடம் சொன்னேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டு, ஒரு கிலோ மைசூர்பாகு டப்பாவை வெளியே எடுத்தார்.

"மாமா!"

"நல்ல சேதி கேட்டுட்டு வெறும் வாயோட போறதாம்மா?"

ரிப்போர்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறார். வேறு மாதிரி வந்திருந்தால் அந்த டப்பாவை என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. ரப்பர் பேண்டை எடுத்து, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் நீட்டிக்கொண்டு போனார். பக்கத்து லேபுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்திருந்த ஒரு பெரியவர், "எனக்கு சுகருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தார். நர்ஸ் எடுத்தார். ஆட்டோக்காரர் எடுத்தார். என் கணவர் இரண்டு எடுத்தார். மாமனார் எனக்கும் நீட்டினார், நான் மகிழ்ச்சியில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கும் கணவருக்கும் நடுவில் நின்றிருந்த என் மகளின் தலைக்கு மேலாக அந்த டப்பா கடந்து போனது.

அவள் அழுதாள். சத்தமில்லாமல் ஆரம்பித்து, தேம்பித் தேம்பி. உனக்குத்தான் கூடாதே கண்ணு, இப்போதுதானே டாக்டர் சொன்னார் என்று கணவர் குனிந்தார்.

"எனக்கு வாணாம்பா. மைசூர்பாகே புடிக்காது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தாத்தா எங்கிட்ட வரதே இல்ல. சாப்பிட்டியான்னுகூட கேக்கறதில்ல. கிட்ட கூப்புடறதே இல்ல. எம்மேல என்ன கோவம்?"

மாமனார் திறந்த டப்பாவோடு நடுவழியில் நின்றுவிட்டார். டப்பாவைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பேத்தியைத் தூக்கவும் தெரியவில்லை. "கோவமில்ல சாமி, கோவமில்ல" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். சண்டை போடுகிற குரலில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"கையில ஒண்ணுமில்லாம புள்ளைய எப்பிடிம்மா கூப்புடறது?"

எதையெதை அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மூன்று மாதமாக அந்த மனிதருக்குப் பாடம் எடுத்தவள் நான். எதைக் கொடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் நிறைய மைசூர்பாகு இருந்தது.